“ஏம்மா, துப்பட்டா!” – ஸ்கூட்டரில் போகையில் குரல் கொடுத்தவர்கள்

மதுரையிலிருந்து

ஸ்கூட்டர் ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு முகம் தெரியாத ஆள் இருப்பார். பின்னாலேயே வந்து ஏதோ கத்திவிட்டுப் போயிருப்பார். உங்கள் ஆளைப் பற்றிச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

2006. கைமாறி வந்த பழைய ஸ்கூட்டியில் காளவாசலிலிருந்து சிம்மக்கல் ஆபீசுக்குத் தினமும் போய் வருவேன். ஒரு நாள் அரசரடி அருகே பக்கத்தில் வந்த டவுன் பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு விசில் ஊதிக்கொண்டே வந்தார். வழிவிடச் சொல்கிறார் என்று நினைத்தேன். பொம்பளை வண்டி ஓட்டினால் இப்படித்தான் விரட்டுவார்கள் என்ற கோபத்தில் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினேன். அவர் பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று தட்டி, “ஏம்மா, துப்பட்டா! துப்பட்டா!” என்று கத்தினார்.

பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தால் துப்பட்டாவின் நுனி பின்சக்கரத்துக்குள் இரண்டு சுற்றுப் போயிருந்தது. என் கழுத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் தொய்வுதான் மிச்சம். பஸ் நடுரோட்டில் நின்றது. இறங்கி வந்தவர், “இழுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றினார். கியர் இல்லாத வண்டி, சக்கரத்தைக் கையாலேயே பின்பக்கமாகச் சுற்ற முடிந்தது. துணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. “இடுப்புல முடிச்சுப் போட்டுட்டு ஓட்டு பாப்பா” என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், ஒன்றும் காதில் விழவில்லை. கை நடுங்கியதில் நன்றிகூடச் சொல்லவில்லை.

கிரீஸ் கறை போகாத அந்தப் பச்சைத் துப்பட்டாதான் ரொம்ப நாள் வண்டி துடைக்கிற துணியாக இருந்தது.

திருச்சியிலிருந்து

என் கதையில் ஆபத்து எதுவும் இல்லை, தொல்லைதான். 2017 ஏப்ரலிலிருந்து வருகிற இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட்லைட் அணையாது, சட்டமே அப்படி. நான் வண்டி எடுத்தது அந்த ஜூனில். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போவதற்குள் எதிரே வருகிறவர்களில் பத்துப் பேராவது ‘லைட் எரியுது’ என்று விரல்களை விரித்து மூடிக் காட்டுவார்கள். எல்லோருக்கும் தலையாட்டியே கழுத்து வலித்தது.

ஒரு நாள் டீக்கடையில் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். “அணைக்கிறதுக்கு சுவிட்சே கிடையாதுங்க ஐயா” என்றேன். வண்டியைச் சுற்றி வந்து குனிந்து தேடினார். கிடைக்கவில்லை. “உன்னை ஏமாத்திட்டானுங்க தம்பி. பேட்டரி போயிடும், நாளைக்கே கொண்டுபோய் மாத்து” என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல?

பல்லாவரத்திலிருந்து

அப்பாவின் பழைய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டர். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய டூ-ஸ்ட்ரோக் வண்டி. மழையில் ஸ்பார்க் பிளக் நனைந்தால் அவ்வளவுதான். 1991 என்று நினைவு, நான் ஆறாவது படித்தேன். மீனம்பாக்கம் பக்கத்தில் மழையில் நின்றுவிட்டது. அப்பா ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து உதைக்கிறார். சேட்டக் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி தெரியும். பின்னால் இன்னொரு சேட்டக் வந்து நின்றது. அவர் பேசவே இல்லை. தன் டிக்கியிலிருந்து பிளக் ஸ்பேனரையும் உப்புத்தாளில் சுற்றிய ஒரு பிளக்கையும் எடுத்தார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். மூன்றாவது உதையில் கிளம்பிவிட்டது. அப்பா பர்ஸை எடுத்தார். “நாளைக்கு யாராவது நின்னா நீங்க ஒண்ணு குடுங்க சார்” என்று சொல்லிவிட்டு எங்கள் நனைந்த பிளக்கை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் அப்பாவின் டிக்கியில் எப்போதும் இரண்டு பிளக் இருந்தன. ஒன்றை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு வீட்டில் அதைப் பற்றியேதான் பேச்சு.

கோவையிலிருந்து

“சைடு ஸ்டாண்டு!” என்று கத்துகிற வழக்கம் குறைந்துவருகிறது, கவனித்தீர்களா? இப்போது பல வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜினே ஓடாது. முன்பெல்லாம் மடக்காமல் கிளம்பி இடது பக்கம் திரும்பினால் தரையில் முட்டி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

ஆனால் பெரும்பாலான வண்டிகளில் இண்டிகேட்டரை இன்னும் நாம்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் காந்திபுரத்திலிருந்து இடது பக்கம் மினுக்கிக்கொண்டே போயிருக்கிறேன். உக்கடம் சிக்னலில் ஒரு ஆட்டோ அண்ணன் தலையை நீட்டி நிதானமாகக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, எங்கதான் திரும்பப் போறீங்க?”