அயோவா சீட்டுச் சோதனை: மதிப்பெண் ஒன்றுதான், ஆட்டம் ஒன்றா?

முதுகலை_உளவியல்
வணக்கம். சூதாட்டத்தை விட முடியாமல் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு அயோவா சீட்டுச் சோதனையைத் தமிழில் வைக்கிறோம். எந்தக் கட்டிலிருந்து எடுத்தால் கடைசியில் லாபம் என்பதை ஆடுபவரே எடுத்து எடுத்துக் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு கட்டு (ஏ, பி கெட்டவை, சி, டி நல்லவை), 100 சீட்டு, தொடக்கக் கடன் 2,000. இரண்டு பேருக்கு மொத்தம் ஒரே −20 (நல்ல கட்டில் 40, கெட்ட கட்டில் 60). ஆனால் ஆடிய விதம் வேறு. ஒருவர் "அந்தக் கட்டு சரியில்லைன்னு தெரியுது" என்று வாயால் சொல்லிவிட்டு அதையே எடுக்கிறார். இதை "ரிஸ்க் விரும்புகிறார்" என்று எழுதுவதா, "கற்றுக்கொள்ளவில்லை" என்று எழுதுவதா? கூட வேறு என்ன சோதனை வைக்கலாம்?

மூளையும்_முடிவும்
மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து எதையும் எழுதாதீர்கள். 20 சீட்டாக ஐந்து பகுதி பிரித்து, ஒவ்வொன்றிலும் (சி+டி) − (ஏ+பி) போடுங்கள். ஒருவருக்கு −4, −4, −4, −4, −4 வரலாம். இன்னொருவருக்கு −16, −12, −4, +4, +8 வரலாம். இரண்டும் −20தான். இரண்டாமவர் தாமதமாகவாவது கற்றுக்கொண்டார், முதலாமவர் நகரவே இல்லை. முதல் 40 சீட்டு வரை எந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டத்தில் கெட்ட கட்டை எடுப்பதை ரிஸ்க் என்று சொல்ல முடியாது, அது துழாவிப் பார்ப்பது. கடைசி மூன்று பகுதிகள்தான் பேசும்.

ஏ-யையும் பி-யையும் ஒன்றாகக் கூட்டிவிட்டு நிற்காதீர்கள். இரண்டும் சீட்டுக்கு 100 தரும், 10 சீட்டில் 1,250 பிடுங்கும், நிகரம் −250. ஆனால் ஏ-யில் 10 சீட்டுக்கு ஐந்து அடி. பி-யில் ஒரே அடி. இந்தச் சோதனையை உருவாக்கிய பெச்சாரா, டமாசியோ குழு 1994-இல் வெளியிட்ட மூல வரிசையில் பி-யின் முதல் அடி 9-ஆவது சீட்டில் விழும். அதுவரை எட்டு சீட்டில் 800 சேர்ந்திருக்கும். ஒன்பதாவது 100 தந்து 1,250 எடுக்கும். அந்தக் கட்டின் கணக்கு ஒரே நொடியில் −350. "அடிக்கடி ஜெயிக்கிற கட்டு" என்ற உணர்வு அதற்குள் ஊறிப்போயிருக்கும். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களே பி-யை விரும்புவது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆகவே பி-க்கு மட்டும் தனியாக ஒரு எண்ணிக்கை: 1,250 போன உடனே அடுத்த ஐந்து சீட்டை எங்கிருந்து எடுத்தார்? பி-க்கே திரும்பினால் அதைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, மொழிபெயர்ப்பில் பலர் விடும் தவறு. "சில கட்டுகள் மற்றவற்றைவிட மோசம், அவற்றைத் தவிர்த்தால் ஜெயிக்கலாம்" என்ற வரி மூலத்தில் உண்டு. அதை விட்டுவிட்டால் எல்லோருக்கும் மதிப்பெண் இறங்கும், குறை மொழிபெயர்ப்பில் இருக்க, பழி ஆடுபவர்மேல் விழும். மொத்தம் 100 சீட்டு என்பதையும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது.

பகடை_கணக்கு
உங்கள் கேள்விக்கு நேர் பதில் தர பகடைச் சோதனை வேண்டும். 1,000 கையிருப்பு, 18 உருட்டல், ஒவ்வொன்றிலும் எந்த எண் விழும் என்று பந்தயம். ஒரு எண்ணில் வைத்தால் ±1,000, இரண்டில் ±500, மூன்றில் ±200, நான்கில் ±100. வாய்ப்புகள் திரையிலேயே இருக்கும், கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. கணக்கு இதுதான்: ஒரு எண்ணில் உருட்டலுக்குச் சராசரி சுமார் −667, இரண்டில் −167, மூன்றில் 0, நான்கில் +33. பிராண்ட் என்ற ஆய்வாளரின் குழு 2005-இல் சூதாட்ட நோயாளிகளிடம் இதை வைத்தபோது அவர்கள் ஒரு எண்ணுக்கும் இரண்டு எண்ணுக்குமே அதிகம் போனார்கள். அயோவாவில் சறுக்கி, பகடையில் சரியாக ஆடினால் கற்றலில் தடை. இரண்டிலும் சறுக்கினால், வாய்ப்பு கண்ணெதிரே இருந்தும் பெரிய தொகை இழுக்கிறது என்று எழுதலாம்.

காத்திருக்கும் திறனையும் அளந்து பாருங்கள். 30 நாள் கழித்து வரும் 1,000 ரூபாய் இன்றைக்கு எவ்வளவு பெறும்? தொகையை (1 + தள்ளுபடி விகிதம் × நாள்) ஆல் வகுக்க வேண்டும். தள்ளுபடி விகிதம் என்பது, காத்திருக்கக் காத்திருக்கத் தொகையின் மதிப்பு ஒருவர் மனதில் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது. விகிதம் 0.01 என்றால் 769 ரூபாய். 0.1 என்றால் வெறும் 250. சூதாட்டச் சிக்கல் உள்ளவர்களிடம் இந்த விகிதம் பொதுவாக உயர்ந்தே இருக்கிறது. கடன் செயலியில் உடனே பணம் எடுப்பவரின் மனக்கணக்கு இதில் பிடிபடும்.

விட்டதைப்பிடி_வேண்டாம்
சோதனை அறையில் வராத ஒன்று உண்டு: விட்டதைப் பிடிப்பது. காலையிலிருந்து 20,000 விட்டவர் கையில் 5,000 இருக்கிறது. அவர் பூஜ்யத்தை இப்போதிலிருந்து எண்ணுவதில்லை, காலையிலிருந்து எண்ணுகிறார். அந்த 5,000-ஐ வைத்தால் ஆறில் ஒரு வாய்ப்பில் 25,000 தரும் பந்தயத்தின் சராசரி மதிப்பு சுமார் 4,167, அதாவது 5,000-க்கும் கீழே. ஆனாலும் அவரைக் காலைக் கணக்குக்குத் திரும்பக் கொண்டுபோவது அது ஒன்றுதான். நஷ்டத்தில் நிற்பவர் ரிஸ்க்கை நாடுவார் என்று உளவியலாளர்கள் கானமன், ட்வெர்ஸ்கி 1979-இலேயே காட்டிவிட்டார்கள். "கணக்குத் தெரியாதவர்" என்று இவரை எழுதுவது அநியாயம். எந்தப் புள்ளியிலிருந்து கணக்கு தொடங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள்.

ஆலோசனையிலும் வாய்ப்புக் கணக்கு நடத்திப் பயன் குறைவு. முடிவை ஆட்ட நேரத்துக்கு வெளியே எடுத்து வையுங்கள். யூபிஐ தினசரி வரம்பைக் குறைப்பது, சம்பளம் வேறொருவர் பார்க்கும் கணக்கில் விழுவது, கடன் செயலிகளை நீக்குவது. பார்க்கின்சன் நோய்க்குப் பிராமிபெக்சோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அவசியம் கேளுங்கள், அது சூதாட்ட உந்துதலைக் கிளப்பக்கூடும். அவரே நிறுத்தக்கூடாது, மருத்துவரிடம் அனுப்புங்கள். கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் தற்கொலை எண்ணத்தையும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழில் பேசும்.

முதுகலை_உளவியல்
நன்றி, பகுதி பிரித்துப் போட்டதுமே படம் மாறிவிட்டது. ஒரே சந்தேகம்: ஈடுபாடு வர, ஜெயித்த தொகையில் கொஞ்சம் நிஜப் பணமாகத் தரலாமா?

மூளையும்_முடிவும்
சிகிச்சையில் இருப்பவருக்கு வேண்டவே வேண்டாம். போக்குவரத்துச் செலவு எல்லோருக்கும் ஒரே தொகை, ஆட்டம் தொடங்கும் முன்பே. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் "ஆடணும்போல எவ்வளவு இருக்கு?" என்று 0 முதல் 10 வரை கேட்டுக் குறியுங்கள். பின்னது இரண்டு புள்ளி கூடியிருந்தாலே ஆலோசகர் பேசி முடிக்கும்வரை அவர் வாசல் தாண்டக்கூடாது. சம்பள நாளில் சோதனை வைக்காதீர்கள்.