மறு: ‘நன்னடத்தை’யில் உள்ள பாலியல் குற்றவாளி – மாற்றுச்சொல் தேவை

ஸ்கார்பரோவிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குக் கொடுக்கும் துண்டுப்பிரசுரம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வியாழக்கிழமை அனுப்ப வேண்டும். தண்டனை பெற்றவரை நிபந்தனைகளோடு வெளியே விட்டு அதிகாரி ஒருவர் கண்காணிக்கும் புரொபேஷனுக்கு ‘நன்னடத்தை’ என்பதே வழக்கம். ஆனால் “நன்னடத்தையில் உள்ள பாலியல் குற்றவாளி மதிப்பீட்டுக்கும் சிகிச்சைக்கும் அனுப்பப்படுவார்” என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. மகளுக்கு நடந்ததைச் சுமந்துகொண்டிருக்கும் தாய் இதைப் படித்தால், அவன் நல்லவன் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாகத்தானே நினைப்பாள்?

மதுரையிலிருந்து:
அம்மா, நியாயமான தயக்கம். 1958ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்படி இங்கும் ‘நன்னடத்தை அலுவலர்’தான். அதே சொல்லைச் சிறையில் ஒழுங்காக இருந்தவரை முன்கூட்டி விடுவிப்பதற்கும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. புரொபேஷன் என்ற மூலச்சொல்லின் லத்தீன் வேருக்குச் சோதித்துப் பார்த்தல் என்று பொருள். 1841இல் பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளி, ஒரு குடிகாரரைத் தன் பொறுப்பில் நீதிமன்றத்திலிருந்து அழைத்துப்போனார். அவர் செய்ததும் சோதனைதான். “தேறற்க யாரையும் தேராது”, ஆராயாமல் யாரையும் நம்பாதே, என்கிறார் வள்ளுவர். ஆகவே புரொபேஷனுக்குத் ‘தேர்நிலை’. சிகிச்சைக்கு, நோயைத் தணிக்கும் வழியைச் சொல்லும் “அதுதணிக்கும் வாய்நாடி” என்ற குறள் அடியிலிருந்து ‘தணிப்பு’ எடுக்கலாம்.

திருநெல்வேலியிலிருந்து:
ஐயா, தேர்நிலை என்றால் எங்கள் ஊரில் தேர் நிற்கும் இடம். பிரசுரத்தைப் படிப்பவருக்குப் பக்கத்தில் நாம் உட்கார்ந்து விளக்க முடியாது. ‘நீதிமன்றக் கண்காணிப்பு’ போதும். தூய தமிழ் வேண்டுமென்றால் சிகிச்சைக்குப் ‘பண்டுவம்’ இருக்கிறது. ஆட்டுக்குக் கால் ஒடிந்தால் பண்டுவம் பார்ப்பார்கள். ஆனால் இந்தக் குற்றத்தின் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மொன்றியலிலிருந்து:
நீதிமன்ற உரைபெயர்ப்பாளராகச் சொல்கிறேன், யாரும் ‘கட்டாய சிகிச்சை’ என்று எழுதிவிடாதீர்கள். இங்கே இந்தக் கண்காணிப்பு ஆணை அதிகபட்சம் 3 ஆண்டுகள். சிகிச்சைத் திட்டத்தில் சேரும் நிபந்தனைக்குத் தண்டனை பெற்றவரின் சம்மதத்தைக் குற்றவியல் சட்டமே கேட்கிறது. ‘மதிப்பீடு’ என்று மொட்டையாகவும் விட வேண்டாம். பாலியல் குற்றவாளிகளை மதிப்பிடும் ஸ்டாட்டிக்-99 அளவுகோலில் 10 கேள்விகள்: வயது, முந்தைய தண்டனைகள், பாதிக்கப்பட்டவர் முன்பின் தெரியாதவரா என்று போகும். மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பைத்தான் அது கணிக்கிறது. ஆகவே ‘இடர் மதிப்பீடு’.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எனக்குச் ‘சிகிச்சை’யே உறுத்துகிறது. நோயாளி என்று சொல்லிவிட்டால் “பாவம், அவனுக்கு வருத்தம்” (எங்கள் பேச்சில் நோய்) என்று சனம் பேசத் தொடங்கிவிடும். செய்த குற்றம் பின்னால் போய்விடும். மதுரை ஐயாவின் ‘தணிப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது. முழுக்கக் குணமாகிவிட்டான் என்று அது சொல்வதில்லை.

திருநெல்வேலியிலிருந்து:
எதைத் தணிப்பது? கோபத்தையா, காய்ச்சலையா? ‘இடர் தணிப்புச் சிகிச்சை’ என்று சேர்த்து எழுதினால் புரியும்.

ஸ்கார்பரோவிலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. இன்று புதன் இரவு. “நீதிமன்றக் கண்காணிப்பில் உள்ள, பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்”, ‘இடர் மதிப்பீடு’, ‘இடர் தணிப்புச் சிகிச்சை’ என்று போடுகிறேன். நான்கு பேர் சரி என்கிறீர்கள். அதிகாரியின் பதவிப்பெயரை மட்டும் ‘நன்னடத்தை உத்தியோகத்தர்’ என்றே விடுகிறேன், அது பழகிப்போனது.

மதுரையிலிருந்து:
அந்த ஒன்றுக்கு நான் உடன்படவில்லை, அம்மா. அந்தத் தாய் தொலைபேசியில் அழைக்கப்போவது அவரைத்தானே?