நிறுத்தி வைத்த நீராவி எஞ்சினை இழுத்ததும் சிலிண்டர்களிலிருந்து செந்நிறத் தண்ணீர் – உதவி தேவை

சக்கரவட்டம்
வணக்கம். எங்கள் பாரம்பரிய ரயில் பாதையில் ஓட்டம் இல்லாத மாதங்களில் நீராவி எஞ்சினை ஷெட்டுக்குள் நிறுத்தி வைத்திருந்தோம். அதற்குப் பின்னால் நிற்கும் மரத்தாலான ரயில் பெட்டிகளை வெளியே எடுப்பதற்காக நேற்று டீசல் எஞ்சினைக் கோத்துச் சற்றுத் தூரம் இழுத்தபோது, இரண்டு சிலிண்டர்களின் வடிகால் வால்வுகளிலிருந்தும் துருக்கலந்த தண்ணீர் கொட்டியது. கொதிகலனில் தண்ணீர் இல்லை, நிறுத்தும்போதே முழுவதும் வடித்துவிட்டோம். ஷெட்டுக்குக் கூரையும் இருக்கிறது. அப்படியானால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஓட்டம் தொடங்க அதிக நாள் இல்லை என்பதால் விரைவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரித்தூள்
சில விவரங்கள் இல்லாமல் எதைச் சொன்னாலும் ஊகமாகவே இருக்கும். எஞ்சினில் சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடாக்கும் குழாய்த்தொகுதி) உண்டா? இழுத்தபோது ரெகுலேட்டர், அதாவது கொதிகலனிலிருந்து சிலிண்டருக்கு நீராவியை விடும் வால்வு, திறந்திருந்ததா, மூடியிருந்ததா? புகைபோக்கியின் வாயை எதைக் கொண்டு மூடியிருந்தீர்கள்? அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தீர்களா? கரித்துகள் மிதந்தால் அது புகையறை (புகைபோக்கியின் அடியில் புகை சேரும் அறை) வழியாக வந்திருக்கலாம். எண்ணெயுடன் கலந்து வெண்மையாகக் குழம்பியிருந்தால் சிலிண்டருக்குள்ளேயே சேர்ந்த ஈரமாக இருக்கலாம். இரண்டும் இல்லாமல் வெறும் துருநீராக இருந்தால் நீராவிக் குழாய்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பனித்துளி
எனக்கு ஐயமே இல்லை, இது காற்றில் உள்ள ஈரம் படிந்ததால் வந்த தண்ணீர். பல டன் இரும்பு இரவு முழுவதும் குளிர்ந்து கிடக்கிறது. காலையில் காற்று விரைவாகச் சூடேறுகிறது, இரும்பு அவ்வளவு விரைவில் சூடேறுவதில்லை. வெதுவெதுப்பான ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டவுடன் உள்ளும் புறமும் நீர் கோத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் நாள்தோறும் இப்படி நடந்தால் சிலிண்டரின் அடியில் தண்ணீர் தேங்காமல் என்ன செய்யும்? ஷெட்டுக்கு ஈரப்பதம் நீக்கும் கருவி ஒன்றை வாங்கி, காற்றின் ஈரப்பதத்தை 40 சதவீதத்தில் நிறுத்துங்கள். இந்தத் தொல்லை இனி வராது.

பழையஷெட்
தம்பி, கூரை இருக்கிறது, தண்ணீர் வடித்தாயிற்று என்ற இரண்டு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சினைப் பராமரிக்க வந்துவிட்டீர்களா? எங்கள் காலத்தில் கொதிகலனை இப்படி வெறுமையாகப் போடுவதே இல்லை. கழுத்துவரை நீர் நிரப்பி, காரத்தன்மை ஏறத்தாழ பி.எச். 11 இருக்குமாறு மருந்து கலந்து, நீரில் கரைந்த ஆக்சிஜனை ஈர்க்க சோடியம் சல்ஃபைட்டும் சேர்த்து மூடிவிடுவோம். உள்ளே காற்றுக்கு இடமே இருக்காது என்பதால் துருவும் வராது. வடித்துவிட்டுப் போவதெல்லாம் புதியவர்கள் கண்டுபிடித்த சோம்பல் முறை.

கரித்தூள்
ஐயா, நீர் நிரப்பி வைப்பது குறுகிய காலத்துக்கு நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் மருந்தின் அளவை அவ்வப்போது சோதித்துக் குறைந்ததை ஈடுசெய்ய ஆள் வேண்டும். நீர் உறையும் குளிர் உள்ள இடத்தில் அது இயலவே இயலாது. நீண்ட காலத்துக்கு, கொதிகலன் சூடாக இருக்கும்போதே வடித்து, கழுவு துளைகளைத் திறந்து, உள்ளே முற்றிலும் உலர்ந்த பிறகு சிலிக்கா ஜெல் தட்டுகளை வைத்து மூடும் உலர்முறை உலகெங்கும் ஏற்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே பாதி நீருடன் விடுவதுதான் மோசமானது, ஏனெனில் நீர்மட்டக் கோட்டை ஒட்டித் தகட்டில் குழி குழியாக அரிப்பு விழும். எப்படியிருந்தாலும், கேட்டவர் சிலிண்டரைப் பற்றிக் கேட்கிறார். கொதிகலனை எந்த முறையில் வைத்தாலும் சூப்பர்ஹீட்டர் தனிக்கணக்கு.

மரப்பெட்டி
40 சதவீதம் என்று சொன்னவருக்கு ஒரு வேண்டுகோள். அதே ஷெட்டில் மரப்பெட்டிகள் நிற்பதாகப் பதிவிலேயே இருக்கிறது. அந்த அளவுக்குக் காற்றை உலர்த்தினால் பலகைகள் சுருங்கி, மூட்டுகள் வாய் பிளந்து, வார்னிஷ் வெடிக்கும். பிறகு மழைக்காலத்தில் அந்தப் பிளவுகளின் வழியாகவே நீர் உள்ளே இறங்கும். பெட்டியின் மரச்சட்டம் பாதிக்கப்பட்டால் அதைச் சரிசெய்வது ஒரு வால்வைக் கழற்றி மாட்டுவது போன்ற வேலை அன்று.

பனித்துளி
இரும்பு துருப்பிடிக்கும் வேகம் 60 சதவீதத்துக்கு மேல் கடுமையாக ஏறும் என்பதை மறந்துவிட வேண்டாம். மரத்தைக் காப்பாற்றுவதற்காக எஞ்சினைத் துருவுக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

மரப்பெட்டி
இல்லை. 50 முதல் 55 சதவீதம் வரை என்றால் இரண்டும் பிழைக்கும். அதைவிட முக்கியமானது, அளவு அடிக்கடி ஏறி இறங்காமல் இருப்பது. மரத்தை வருத்துவது அந்த ஏற்ற இறக்கம்தான்.

பழையஷெட்
ஷெட் கதவைத் திறந்து வைத்தால் காற்று தானாக வந்து போகும். இதற்குக் கருவி எதற்கு, சதவீதம் எதற்கு?

பனித்துளி
வெதுவெதுப்பான ஈரக்காற்று அடிக்கும் காலையில் கதவைத் திறப்பதுதான் மேலே நான் சொன்ன நிகழ்வை வரவேற்பது, ஐயா. வெளிக்காற்று இரும்பைவிடக் குளிர்ந்தோ, உலர்ந்தோ இருக்கும் நேரத்தில் திறந்தால் மட்டுமே பயன். பிளாஸ்டிக் தார்ப்பாயால் எஞ்சினை இறுக்கிப் போர்த்துவதும் இதே வகையில் கெடுதல்தான்; உள்ளே கோத்த நீர் வெளியேற வழியே இருக்காது.

சக்கரவட்டம்
சூப்பர்ஹீட்டர் உண்டு. ரெகுலேட்டர் மூடியிருந்தது. புகைபோக்கிக்குத் தகர மூடி போட்டிருக்கிறோம். குவளையில் பிடித்துப் பார்த்ததில் கரியும் இல்லை, எண்ணெயும் இல்லை. கடைசி ஓட்டத்துக்குப் பிறகு கொதிகலனுக்கு நீரழுத்தச் சோதனை (நீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது) நடந்தது, அது முடிந்த பின்னர்தான் வடித்தோம்.

கரித்தூள்
அந்தக் கடைசி வரிதான் முதல் பதிவில் இருந்திருக்க வேண்டியது. நீரழுத்தச் சோதனையின்போது கொதிகலன் உச்சிவரை நிரம்பியிருக்கும், எனவே ரெகுலேட்டரும் நீருக்குள் மூழ்கியிருக்கும். அது சற்றே கசிந்தாலும் தண்ணீர் சூப்பர்ஹீட்டரின் தலைப்பெட்டிக்குள் (அதன் குழாய்களெல்லாம் வந்து சேரும் பெட்டி) போய், பெரிய புகைக்குழல்களுக்குள் வளைந்து திரும்பும் மெல்லிய குழாய்களை நிரப்பிவிடும். பிறகு கொதிகலனை எவ்வளவு வடித்தாலும், வளைவுகளில் தேங்கிய நீர் தானாக இறங்குவதற்கு வழி கிடையாது. இழுக்கும்போது பிஸ்டன்கள் உறிஞ்சுகின்றன; வெற்றிடம் தடுக்கும் வால்வு தலைப்பெட்டியில் பொருத்தப்பட்டிருந்தால், உள்ளே வரும் காற்று அந்தக் குழாய்களின் வழியாகவே சிலிண்டருக்குப் போகும், தண்ணீரையும் தள்ளிக்கொண்டே போகும்.

இப்போது செய்ய வேண்டியவை: எஞ்சினை மேலும் இழுக்க வேண்டாம். தலைப்பெட்டியில் இணைப்பு எடுத்துக் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்தி, வடிகால் வால்வுகளில் நீர் நிற்கும்வரை ஊதுங்கள். அதற்கு முன்னால் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, கைபிரேக் போட்டு, திசைமாற்றியை (எஞ்சின் முன்னோ பின்னோ ஓடுவதைத் தீர்மானிக்கும் கைப்பிடி) நடுவில் நிறுத்துங்கள். அழுத்தக் காற்றுக்கும் நீராவிக்கும் வேறுபாடு பிஸ்டனுக்குத் தெரியாது, எஞ்சின் நகர்ந்துவிடும். பிறகு வால்வு அறையின் மூடியைத் திறந்து வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்து, சிலிண்டர் எண்ணெய் விடுங்கள். தண்ணீர் மிச்சமிருக்கும்போது நெருப்பு மூட்டி ஓட்டினால், சிலிண்டரில் சேரும் நீர் அமுங்காது. சிலிண்டரின் மூடி உடைவது அப்படித்தான்.

பழையஷெட்
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ரெகுலேட்டர் கசிகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

மரப்பெட்டி
நீர் நிரப்பி வைக்கும் முறையிலும் இதே ரெகுலேட்டர் இதே வழியாகக் கசியும் அல்லவா, ஐயா? மாதக்கணக்கில் கசியும்.

பழையஷெட்
நல்ல ரெகுலேட்டர் கசியாது.

பனித்துளி
தகர மூடியைப் பற்றியும் ஒரு சொல். மழையைத் தடுக்க அது வேண்டும்தான், ஆனால் புகைக்குழல்களில் காற்றோட்டம் அறவே நின்றுவிடக் கூடாது. புகையறையிலும் சாம்பல் தட்டிலும் மிச்சமிருக்கும் சாம்பல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நிலக்கரியின் கந்தகம் அந்த ஈரத்துடன் சேர்ந்தால் அமிலமாகித் தகட்டைத் தின்னும். கூட்டி எடுத்துவிட்டீர்களா?

கரித்தூள்
இதில் பனித்துளியுடன் முழுமையாக உடன்படுகிறேன். இன்னொன்று: உலர்முறையில் மூடி வைத்த கொதிகலனுக்குள் துரு வளர்வதே ஆக்சிஜனைக் குறைத்துவிடும். எனவே நன்றாகக் காற்றோட்டம் கொடுத்து, அளவிட்டுப் பார்க்காமல் யாரும் தலையை நுழைக்க வேண்டாம்.

சக்கரவட்டம்
காற்று ஊதினோம். எதிர்பார்த்ததைவிட மிகுதியான தண்ணீர் வந்தது, பிறகு நின்றுவிட்டது. இடதுபுற வால்வு வளையங்களில் ஒன்று ஒட்டியிருக்கிறது, கழற்றிக்கொண்டிருக்கிறோம். ரெகுலேட்டரைப் பார்ப்பதற்கு ஆய்வாளர் வந்த பிறகுதான் முடியும். எல்லோருக்கும் நன்றி.

மரப்பெட்டி
அப்படியானால் பெட்டிகளை இன்னும் வெளியே எடுக்கவில்லையா? அவற்றின் கூரைக் கித்தானையும் மழைநீர்க் காடியையும் பார்த்தீர்களா?

பனித்துளி
ஈரப்பதம் என்னவென்றும் அளந்து சொல்லுங்கள்.