நாட்குறிப்பில் கடல் இல்லை, பாட்டில் எப்படிக் கொண்டுவருவது?

செலோப்பித்தன்:
ஒரு பெண் குரல், செலோ, பியானோ. எட்டு நிமிடத்துக்கு ஒரு சேம்பர் பாடல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வரிகளுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பு. என் மனதில் இருந்தது அந்தக் கடற்கரை. ஆனால் நான் புரட்டிய பக்கங்களில் மனிதர் கடலைக் கண்டுகொள்ளவே இல்லை. கப்பல் வந்தது, இத்தனை பீரங்கி போட்டார்கள், இன்ன சரக்கு இறங்கியது, அவ்வளவுதான். வியாபாரி, பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) வேறு. அலையை ரசிக்க நேரம் ஏது?

பியானோவில் அலை மாதிரி சுரங்களை ஓடவிட்டுப் பார்த்தேன். சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது. வரிகளில் நானே இரண்டு கடல் வார்த்தை சேர்த்துவிடலாமா? இன்னொரு தொல்லை: 'கப்பல்' என்பதை நீட்டினால் 'காப்பல்' என்று விழுகிறது.

உப்புக்காற்று:
சேர்க்காதீர்கள். கடல் அங்கேயேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் சலங்கில் ஏறி அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும். சலங்கு என்பது ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அலை தூக்கிக் கரையில் அடிக்கும்போது தையல் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். இறுக்கிக் கட்டிய படகு என்றால் பிளந்துவிடும். ஆக, 'கப்பல் வந்தது' என்பதற்கும் 'சரக்கு இறங்கியது' என்பதற்கும் நடுவில்தான் உங்கள் கடல். அங்கே குரலை நிறுத்துங்கள். செலோ மட்டும் போகட்டும், தாளம் கொஞ்சம் நெளியட்டும்.

பீரங்கியை மட்டும் எண்ணிக்கை பிசகாமல் போடுங்கள். பியானோவின் அடிக்கம்பியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் கட்டையைத் தட்டினால் தூரத்து வெடி மாதிரியே கேட்கும்.

நெடில்:
நான் பாடுகிறவள், அதனால் 'காப்பல்' பற்றி. குறிலை நீட்டினால் தமிழில் வார்த்தையே மாறிவிடும். கரை காரையாகும், மலை மாலையாகும். 'கப்' என்று வெட்டி நிறுத்துங்கள். அந்த ப்-இல் உதடு மூடியிருக்கும், மூச்சு நிற்கும். நீளம் வேண்டுமென்றால் கடைசி ல்-இல் எடுத்துக்கொள்ளுங்கள், ல் நீளத் தாங்கும். நாட்குறிப்பில் நேரம் சொல்ல வரும் 'நாழிகை'யில் நா உங்களுக்குக் கிடைத்த வரம், வேண்டிய மட்டும் நீட்டலாம்.

தேதியைத் தலைப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நாட்குறிப்பு தொடங்கியது நள வருஷம். 'நள வருஷம்' என்று தாழ்ந்த சுரத்தில் பாடி, ம்-இல் முனகியபடி நிற்கலாம். எந்தக் கவிஞரும் உங்களுக்கு இப்படி ஒரு தொடக்கம் எழுதித் தரமாட்டார்.

ஒரு சந்தேகம்: வரிகளை மூலத்திலிருந்துதான் எடுத்தீர்களா?

செலோப்பித்தன்:
மாட்டிக்கொண்டேன். பாதி வரிகள் 1904க்கும் 1928க்கும் இடையில் வந்த 12 தொகுதி ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து நானே திரும்பத் தமிழாக்கியவை. அதனால்தான் வாயில் உட்காரவில்லை போலிருக்கிறது. மூலத்துக்கே திரும்பிவிட்டேன்.

அலைச் சுரங்களை எல்லாம் அடித்துவிட்டேன். 'கப்பல் வந்தது' முடிந்ததும் செலோ தனியாக நாற்பது விநாடி. நேற்று ஒத்திகையில் பாடகி நடுவில் கேட்டார், "நான் எங்காவது உள்ளே வர மறந்துவிட்டேனா?" இல்லை, படகு இன்னும் கரைக்கு வரவில்லை என்றேன்.

உப்புக்காற்று:
நாற்பது குறைவு. அறுபது வையுங்கள்.