'பரியேறும் பெருமாள்' பார்த்த பிறகு: ஜோவைப் போல ஒரு தோழி உங்களுக்கும் இருந்தாளா?

தேவாலா மழை (திரியைத் தொடங்கியவர்)

போன ஞாயிற்றுக்கிழமை எங்க ஊர்ப் படிப்பகத்துல மாரி செல்வராஜோட 'பரியேறும் பெருமாள்' போட்டோம். 2018-ல வந்த படம். பாதிப் பேர் செல்போன்ல துண்டு துண்டா ஏற்கெனவே பார்த்திருந்தாங்க. லைன் வீட்டுல (எஸ்டேட் தொழிலாளிங்களோட வரிசை வீடு) இருக்கிற சனமெல்லாம் ஒண்ணா உட்கார்ந்து பெரிய திரையில முழுசாப் பார்த்தது இப்பத்தான். தகரக் கூரையில மழை அடிச்ச அடியில வசனம் சரியாக் காதுல விழல. ஆனாலும் யாரும் எழுந்து போகல.

பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். சட்டக் கல்லூரியில படிக்கிற பரியனைக் கூடப் படிக்கிற ஜோ தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுறா. அங்க அவளோட சொந்தக்காரங்க அவனை ஒரு அறைக்குள்ள அடைச்சு அடிச்சு, மேல சிறுநீர் கழிச்சு அனுப்புறாங்க. அவன் அதை அவகிட்டச் சொல்றதே இல்லை. ஏன் விலகிப் போறான்னு புரியாம அவ தவிக்கிறா.

படம் முடிஞ்சு டீ ஊத்திக்கிட்டு இருந்தப்ப ஒரு பாட்டி கேட்டாங்க: "அந்தப் புள்ளைக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதா?" தெரியாதுன்னோம். "அப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்து அவனேதான் சுமக்கணுமா?"

யாருக்கும் பதில் வரல. அதுக்காகத்தான் இந்தத் திரி. நம்ம நீலகிரி மலையில நடந்ததை எழுதுங்க. ஆள் பேரு, பள்ளிக்கூடத்துப் பேரு, எஸ்டேட் பேரு வேண்டாம். அவமானப்பட்ட கதையோட நிறுத்திடாதீங்க. கூட இருந்த நண்பர் என்ன செஞ்சார்ங்கிறதுதான் முக்கியம்.

கொழுந்துக்கூடை

நான் சிலோன்லேருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பொண்ணு. அப்பாவும் அப்பாயியும் தலைமன்னார்ல கப்பலேறி ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல கிடந்து, தேயிலைத் தோட்டத்துல வேலைன்னு இங்க வந்தவங்க. நான் பொறந்தது கூடலூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டுல.

பள்ளிக்கூடத்துல எனக்கு உயிர்த்தோழி ஒருத்தி இருந்தா. சொந்தமா தேயிலை வச்சிருந்த குடும்பம். அவ சோத்தை நான் சாப்பிடுவேன், என்னோட தேங்காய் ரொட்டியும் சம்பலும் அவளுக்கு. ஜூன் மாசத்து மழைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே குடை. பத்தாவது படிக்கிறப்ப அவ அக்கா நிச்சயதார்த்தத்துக்கு என்னைக் கூப்பிட்டா. அம்மா ராத்திரி முழிச்சுப் பாவாடை தைச்சுக் குடுத்தாங்க.

எங்க பக்கம் சாதியை யாரும் நேராக் கேட்க மாட்டாங்க. முதல்ல "எந்த டிவிஷன்?"னு, அதாவது எஸ்டேட்டுல எந்தப் பகுதின்னு கேட்பாங்க. அப்புறம் "சிலோன்ல எந்தத் தோட்டம்?" அதுக்கும் அப்புறம் "அங்க போறதுக்கு முன்னாடி உங்க தாத்தாவுக்கு எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?" தெருவைச் சொல்லிட்டா முடிஞ்சுது. அவளோட அத்தை இந்த வரிசையிலதான் கேட்டாங்க, சிரிச்ச முகமா. நானும் அப்பாயிகிட்டக் கேட்டு வச்சிருந்த தெருப் பேரைப் பெருமையாச் சொன்னேன்.

"பின்னாடி வா கண்ணு"ன்னு கூட்டிக்கிட்டுப் போனாங்க. பின்கட்டுல பாத்திரம் குவிஞ்சு கிடந்துச்சு. வேலைக்கு வரவேண்டியவ வரலையாம், கொஞ்சம் தேய்ச்சுக் குடுன்னாங்க. புதுப் பாவாடையைச் செருகிக்கிட்டுக் குந்தி உக்காந்து தேய்ச்சேன். தேய்ச்சதை உள்ளே எடுத்துட்டுப் போகத் திரும்பினப்ப, "அங்கேயே வச்சிரு, தண்ணி தெளிச்சு நாங்க எடுத்துக்குறோம்"னாங்க. சாப்பாட்டை இலையில கட்டிக் கையில குடுத்தாங்க. அதைக் கீழ ஓடையில விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துல என் தோழிக்கு என்மேல கோபம். "ஏன்டி போட்டோவுக்கு நிக்காம ஓடிட்ட?"ன்னா. வயித்து வலின்னேன். அப்புறம் அவ வீட்டுப் பக்கமே நான் போகல. மார்க்கு வாங்கினதும் எனக்குத் திமிர் வந்துடுச்சுன்னு அவ எல்லார்கிட்டயும் சொன்னா. நான் மறுத்துப் பேசல. சொல்லியிருந்தா அவ வீட்டுக்குள்ள சண்டை வரும், அத்தைகிட்ட அவ எதிர்த்துப் பேசுவா, படிப்பையே நிறுத்திடுவாங்கன்னு பயம். பரியன் ஏன் சொல்லலைன்னு படத்தைப் பார்த்துட்டுக் கேட்கிறவங்களுக்கு இந்தப் பயம் தெரியாது.

இந்தப் படம் வந்த சமயம் அவகிட்டேருந்து போன் வந்துச்சு. கல்யாணமாகி கோயம்புத்தூர்ல இருந்தா. நலம் விசாரிக்கல, ஒண்ணும் இல்ல. "அக்கா நிச்சயத்தன்னைக்கு நீ ஏன்டி போட்டோவுக்கு நிக்கல?"ன்னு எடுத்ததும் கேட்டா.

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், தண்ணி தெளிச்சதையும்.

அவ அழல. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்கு வந்து அத்தைகிட்டப் போய்க் கேட்டிருக்கா. "அந்தக் காலத்துல அப்படித்தான்"னு பதில் வந்திருக்கு. சொந்தக்காரங்க முன்னாடி, தன் பிள்ளைங்களை வச்சுக்கிட்டே, அன்னைக்கு நடந்ததை முழுசா எடுத்துச் சொல்லியிருக்கா. அதுக்கப்புறம் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு அவளைக் கூப்பிடுறது இல்லை.

என் மனசு ஆறலை. நாங்க பேசிக்கிறதும் பழைய மாதிரி இல்லை, வார்த்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசுறோம். ஆனா அந்தப் பாட்டி கேட்டாங்களே சுமையைப் பத்தி, இப்ப அது அவகிட்டயும் இருக்கு. அவளா கேட்டு வாங்கிக்கிட்டா.

வெலிங்டன் பஸ்

அக்கா, உங்க தோழி அபூர்வம். எனக்கு ஜோ மேலதான் கோபம். அத்தனை பேர் நடமாடுற கல்யாணத்துல ஒருத்தனை அடிச்சு அனுப்பியிருக்காங்க, தன் வீட்டு ஆம்பளைங்க எப்படிப்பட்டவங்கன்னு அவளுக்கா தெரியாது? தெரியாம இருக்குறது வசதியா இருக்கு, அதனால தெரிஞ்சுக்கல. இயக்குநர் அவளை ரொம்பவும் வெள்ளந்தியா எழுதிட்டார்னுதான் நினைக்கிறேன்.

கல்லூரியில என் பக்கத்து இருக்கைக்காரன் நல்லாத்தான் பழகினான். பேக்கரியில வர்க்கி வாங்கினா பாதி எனக்கு. ஒருநாள் உதவித்தொகைப் பட்டியலை வகுப்புல சத்தமா வாசிச்சாங்க, யார் யார் எந்தப் பிரிவுன்னு சேர்த்து. மறுநாள் அவன் முன் வரிசைக்குப் போயிட்டான். "போர்டு தெரியலடா"ன்னான். அவன் கண்ணுல ஒரு குறையும் இல்லை. அதுவரைக்கும் என்கூடப் பேசியே இருக்காத ஒருத்தன் காலியான அந்த இடத்துல வந்து உக்காந்தான். ஏன் வந்தேன்னு அவனும் சொல்லல, நானும் கேட்கல. இன்னைக்கு வரைக்கும் எனக்கு நெருக்கம்னா அவன்தான்.

கோத்தகிரி வாத்தியார்

தம்பி சொல்வதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். பெரியவர்கள் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாமல் இதைச் செய்வதில் கைதேர்ந்தவர்கள். பின்கட்டு எதற்கு இருக்கிறது?

கொழுந்துக்கூடை எழுதிய அந்தத் தெருக் கேள்வி என் காதிலும் விழுந்திருக்கிறது, பெற்றோர் கூட்டங்களில், ஒரு பெற்றோர் இன்னொருவரிடம் கேட்கும்போது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டு போனபோது தெருவும் கூடவே போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்டன. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் வனத்துறை இங்கே தேயிலை நடத் தொடங்கியது. 1976-இல் அது டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்ற அரசு நிறுவனமானது. தலைமுறைகளாக இலங்கையில் உழைத்தவர்கள் அகதிகளைப் போல வந்து இறங்கினார்கள். அவர்களிடம் இந்த மலை முதலில் கேட்டது எந்தத் தெரு என்பதைத்தான். அதில் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு.

1982-இல் சத்துணவு தொடங்கிய சமயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் வகுப்பில் இரண்டு பையன்கள் இணைபிரியாதவர்கள். ஒருவன் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை, மற்றவன் தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளை. சமைக்க வந்த அம்மாவின் சாதி ஊருக்குத் தெரிந்ததும், முதலாமவன் வீட்டில் தூக்குப்போசியில் சோறு கொடுத்தனுப்பி, பள்ளிச் சோற்றைத் தொடாதே என்று சொல்லிவிட்டார்கள். அவன் தூக்கை நண்பனிடம் கொடுத்துவிட்டு, நண்பனின் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.

சேதி போய், அவன் அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார். "அவன் சாப்பிடுறதை நானும் சாப்பிட்டா உங்களுக்கு என்ன நோகுது?" என்று வகுப்பு வாசலில் நின்று கேட்டான் பையன். எல்லார் முன்னாலும் அறை விழுந்தது. நான் குறுக்கே போய் நின்றேன். மறுநாள் கன்னம் வீங்கியபடியே வந்தான், தூக்கு இல்லாமல், சொந்தத் தட்டோடு. சில வாரங்களில் அந்த வீட்டிலிருந்து தூக்கு வருவதே நின்றுவிட்டது. அப்பா மனம் மாறினாரா என்று கேட்காதீர்கள். பிள்ளை பட்டினி கிடப்பானோ என்று அம்மா விட்டுக்கொடுத்திருப்பாள் என்பது என் கணிப்பு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வாசிக்காதீர்கள். அந்தப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

பந்தலூர் ஜீப்

எல்லாத்தையும் படிச்சேன். எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுத்தான் எழுதறேன்.

நான் பணியர், இந்தக் காட்டுப் பழங்குடி. அன்னைக்குப் படிப்பகத்துல நானும் இருந்தேன், கடைசி வரிசையில. ஆரம்பத்துலயே அந்தக் கருப்பி நாயை ரயில் தண்டவாளத்துல கட்டிப் போட்டப்பவே வெளிய போயிடலாமான்னு இருந்துச்சு.

சிலோன்லேருந்து வந்தவங்க பட்டதை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா உங்களுக்கு முன்னாடியே நாங்க இந்தக் காட்டுல இருந்தோம். எங்க தாத்தா காலத்துல வயநாட்டுப் பக்கத்து முதலாளிங்ககிட்ட நெல்லுக்கூலிக்குக் கிடந்தோம். அப்புறம் தோட்டம் வந்துச்சு, நீங்க வந்தீங்க. உங்களுக்குப் பெரியவங்க வீட்டுப் பின்கட்டு. எங்களுக்கு உங்க லைன் வீட்டுத் திண்ணை.

ஜீப் ஓட்டுற இடத்துல எனக்கு ஒரு கூட்டாளி, லைன் வீட்டுப் பையன். சேரம்பாடி ரோட்டுல ராத்திரி யானை மறிச்சு நின்னப்ப, என்னை விட்டுட்டு ஓடாம கூடவே நின்னவன். உசிரையே குடுப்பான். ஆனா அவன் வீட்டுக்குப் போனா அவங்க அம்மா எனக்குச் சாயத்தண்ணி (பால் இல்லாத டீ) குடுக்கிறது திண்ணையிலதான், அதுக்குன்னு ஒரு கிளாஸ்ல. அவன் அதைப் பார்த்தான். அன்னையிலிருந்து நான் போறப்ப எல்லாம் அவனும் தன் கிளாஸை எடுத்துக்கிட்டு வெளிய வந்து என் பக்கத்துல உக்காந்துக்குவான்.

நல்ல மனசுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா படம் பார்த்துட்டு வந்த ராத்திரி தூக்கம் வரல. அவன் என்கூட வெளிய வந்து உக்காந்தான். என்னை உள்ள கூட்டிக்கிட்டுப் போகல. இது ரெண்டும் ஒண்ணா?

படத்தோட கடைசியில ரெண்டு டீ கிளாசு, நடுவுல ஒரு பூவு. எல்லாரும் அதைப் பத்தித்தான் பேசுனீங்க. நான் பார்த்தது, அந்த ரெண்டு கிளாசும் ஒரே மேசையில இருந்துச்சு.

வெலிங்டன் பஸ்

அண்ணே, நீங்க கேட்டதை அவர்கிட்டக் கேட்டீங்களா?

பந்தலூர் ஜீப்

கேட்டேன். நேத்து ஸ்டாண்டுல வச்சு. ரொம்ப நேரம் பேசாம இருந்தான். "அம்மாகிட்டச் சண்டை போட வேணாம்னுதான் நான் வெளிய வந்தேன்"னான். அது எனக்கும் தெரியும்னேன். அதுக்கப்புறம் ஒரு டிரிப் வந்துச்சு, போயிட்டான். இன்னும் பேசல.

கொழுந்துக்கூடை

தம்பி, நீங்க எழுதினதை அப்படியே அப்பாயிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். எங்க வீட்டுலயும் திண்ணையில ஒரு கிளாஸ் இருந்துச்சு, மாடத்துல கவுத்து வச்சிருப்பாங்க. அது யாருக்குன்னு சின்ன வயசுல நான் கேட்டதே இல்லை. "நாங்க மட்டும் என்ன யோக்கியமா"ன்னு அப்பாயி சொன்னாங்க. அதோட விட்டுடலாம்னு எனக்குத் தோணல. உங்க கூட்டாளியோட அம்மா எங்க பக்கத்து டிவிஷனா இருந்தா, அப்பாயியே போய்ப் பேசுறேன்னு சொல்றாங்க. அவங்க வயசுக்காரங்க சொன்னாத்தான் அங்க எடுபடும். நீங்க சரின்னு சொன்னா மட்டும்தான். உங்களைக் கேட்காம ஒரு அடி வைக்க மாட்டோம்.

தேவாலா மழை

அடுத்த தடவை படத்தை பந்தலூர் ஜீப் அண்ணன் ஊர்லயே போடலாமான்னு படிப்பகத்துல கேட்கிறாங்க. புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் நாங்க தூக்கிட்டு வந்துடுறோம். அங்க கரண்ட் நிலவரம் எப்படி?

பந்தலூர் ஜீப்

அக்கா, உங்க அப்பாயி பேசட்டும். ஆனா முதல்ல நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறேன், பின்னாடி தெரிஞ்சா வருத்தப்படுவான்.

கரண்ட் இருக்கு, மழை பெலத்தா போயிடும். சாயங்காலம் வேணாம், ஓடைப் பக்கம் யானை இறங்குது. காலையில பத்து மணிக்குப் போடுங்க. மெயின் ரோட்டுலேருந்து நான் ஜீப்புல ஏத்திக்கிறேன். எத்தனை பேர் வர்றீங்கன்னு முன்கூட்டியே சொல்லணும், சோறு எங்க வீட்டுல, உள்ள உக்காந்துதான்.