போலந்தில் கருத்தடை மாத்திரைக்கு மருந்துச் சீட்டு பெறுவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கணவரின் வேலை நிமித்தம் அண்மையில் இந்தியாவிலிருந்து வ்ரோத்ஸ்வாஃப் நகருக்குக் குடிவந்திருக்கிறோம். ஊரில் மருத்துவர் எழுதிக்கொடுத்த கருத்தடை மாத்திரையை (ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்தது) தொடர்ந்து எடுத்து வருகிறேன். கையிருப்பு விரைவில் தீர்ந்துவிடும். இங்குள்ள மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டியபோது செல்லாது என்றார்கள். தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனால், அங்கிருந்த பெண் மருத்துவர் என் உடல்நிலை பற்றி எதுவும் விசாரிக்காமல், "நான் இதை எழுதுவதில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். கத்தோலிக்க நாடு என்பதால் சட்டமே தடுக்கிறதா? பெசெல் எண்ணும் (இந்நாட்டில் வசிப்பவர்களுக்குத் தரும் அடையாள எண்) எனக்கு இன்னும் வரவில்லை.

மறுமொழி 1

தோழி, சட்டம் தடுக்கவில்லை. கருக்கலைப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் அதே 1993ஆம் ஆண்டுச் சட்டம்தான், கருத்தடை முறைகள் மக்களுக்குத் தடையின்றிக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்றும் சொல்கிறது. நீங்கள் சந்தித்தது மனசாட்சி விதி. தன் மனசாட்சிக்கு ஒவ்வாத சிகிச்சையை ஒரு மருத்துவர் மறுக்கலாம். முன்பெல்லாம் அப்படி மறுப்பவர், அந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்றாவது சொல்லியாக வேண்டும் என்றிருந்தது. 2015 அக்டோபரில் அரசமைப்புத் தீர்ப்பாயம் அந்தக் கடமையையும் நீக்கிவிட்டதால், அவர் உங்களுக்கு வழிகாட்டாமல் அனுப்பியது வருத்தத்துக்குரியதே தவிர, அவரோடு வாதிட்டுப் பயனில்லை. அடுத்த முறை நேரம் பதிவு செய்யும்போதே, "இந்த மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதுவாரா?" என்று வரவேற்பாளரிடம் கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பெசெல் எண் இல்லாததும் பெரிய இடையூறு அல்ல. இங்கே மருந்துச் சீட்டு மின்வடிவில்தான் வழங்கப்படுகிறது; எண் உள்ளவர்கள் அதனுடன் நான்கு இலக்கக் குறியீட்டைச் சொல்லி மருந்து வாங்குகிறார்கள். உங்கள் கடவுச்சீட்டு எண்ணைக் கொண்டு மருத்துவர் சீட்டைப் பதிவு செய்யலாம். பட்டைக்குறியுடன் கூடிய அச்சுத்தாளை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடையில் அதைக் காட்டினாலே போதும்.

ஓராண்டுக்குச் செல்லும்படி எழுதித் தரவும் கேளுங்கள், சாதாரணச் சீட்டு 30 நாளில் காலாவதியாகிவிடும். ஆனால் ஓராண்டுச் சீட்டிலும் முதல் கொள்முதலை 30 நாளுக்குள் செய்யாவிட்டால், கடந்துபோன நாட்களுக்குரிய அளவைக் குறைத்துத்தான் தருவார்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் கணவர் இங்கே வேலை ஒப்பந்தத்தில் இருந்தால், தம் நிறுவனத்தின் வழியாக உங்களையும் குடும்ப உறுப்பினராக மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கலாம். அதற்குக் கூடுதல் சந்தா கிடையாது. அவர் கேட்காவிட்டால் நிறுவனம் தானாகச் செய்யாது. சேர்ந்தபின், பொதுக் காப்பீட்டில் இயங்கும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேறொரு மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. காத்திருப்புதான் நீளும், ஆகவே இப்போதைய அவசரத்துக்குத் தனியார் மருத்துவரே சரி.

ஊரிலிருந்து யாராவது வந்தால் அவர்களிடம் கொடுத்தனுப்பச் சொல்வதைவிட, நீங்களே போய்த் திரும்பும்போது கொண்டுவாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு மருந்தின் மிகச்சிறிய பொதிகள் ஐந்து வரை அனுமதி உண்டு. தபாலில் வரவழைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி 3

இடையில் மாத்திரை தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். ஊரில்போல அவசரக் கருத்தடை மாத்திரையை இங்கே கேட்டவுடன் தர மாட்டார்கள். அவ்வகையைச் சேர்ந்த உலிப்ரிஸ்டல் மாத்திரை 2015இல் சீட்டின்றிக் கிடைத்தது, 2017 ஜூலையில் மீண்டும் சீட்டு கட்டாயமானது. அதை மாற்ற நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆந்த்ஜெய் தூதா தடுத்துவிட்டார். அதற்கு மாற்றாக அவ்வாண்டு மே 1 முதல், திட்டத்தில் இணைந்த மருந்துக்கடைகளில் மருந்தாளுநரே தனியாக விசாரித்துச் சீட்டு எழுதித் தரும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. எல்லாக் கடைகளும் அதில் இணையவில்லை என்பதால், உங்கள் பகுதியில் எந்தக் கடை என்று இப்போதே விசாரித்து வையுங்கள். உறவுக்குப்பின் 120 மணி நேரத்துக்குள் அதை எடுக்க வேண்டும். விரைவாக எடுப்பதே நல்லது.

மனசாட்சி விதி மருந்தாளுநர்களுக்குப் பொருந்தாது. "இருப்பு இல்லை" என்று யாராவது சொன்னால், நம்புவதா வேண்டாமா என்று யோசித்து நிற்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி கேட்டவர்

விரிவான பதில்களுக்கு நன்றி. வேறொரு மருத்துவமனையில் தொலைபேசியிலேயே கேட்டு நேரம் பதிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம்: எனக்கு இப்போதெல்லாம் ஒற்றைத் தலைவலி வருகிறது, வருவதற்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து ஒளிக்கோடுகள் தெரிகின்றன. பழைய சீட்டு எழுதப்பட்டபோது இது இல்லை. சொல்ல வேண்டுமா?

மறுமொழி 1

கட்டாயம் சொல்லுங்கள், தோழி. உட்கார்ந்ததும் முதலில் அதையே சொல்லுங்கள். அத்தகைய தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையால் பக்கவாத அபாயம் கூடும் என்பதால், பொதுவாக அதை நிறுத்திவிடுவார்கள். புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரையோ காப்பர்-டியோ உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். சந்திப்பு தள்ளிப்போகுமானால், அதுவரை மிச்சமுள்ள மாத்திரைகளைத் தொடராமல், இன்றே தொலைபேசியில் ஒரு மருத்துவரைக் கேட்டு ஆணுறைக்கு மாறிக்கொள்ளுங்கள். அதற்குச் சீட்டு தேவையில்லை.