கருப்பு காரில் வட்ட வட்டமாகக் கோடு: காம்பவுண்ட் போடலாமா, கூடாதா?

மண்டபம்_மேற்கு:
கருப்பு ஹேட்ச்பேக், நிக்கிறது திறந்தவெளியில. நிழல்ல பளபளன்னு இருக்கு, வெயில்ல பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடு. டீட்டெயிலிங் கடையில மூணு ஸ்டேஜ் காம்பவுண்ட் (பெயின்ட் மேற்பரப்பைத் தேய்ச்சுக் கோட்டை எடுக்கிற பசை) போட்டு மேல செராமிக் கோட்டிங் அடிக்கச் சொல்றாங்க. "இனிமே கீறலே விழாது"ன்னு பேச்சு வேற. நம்பலாமா?

பாம்பன்_கச்சான்:
இப்பப் போடாதீங்க. அந்தக் கோடு ஓட்டும்போது விழுந்ததில்ல, துடைக்கும்போது விழுந்தது. நம்ம கரை மணல்ல குவார்ட்ஸ் இருக்கு. கடினத்தை 1ல இருந்து 10 வரைக்கும் சொல்ற மோஸ் அளவுல அது 7, கண்ணாடியையே கீறும். நிறத்துக்கு மேல அடிக்கிற கண்ணாடி மாதிரியான கிளியர் கோட் எந்த மூலைக்கு? காலையில காஞ்ச துணியால தட்டிட்டு வண்டிய எடுக்கிற பழக்கம் இருக்கிற வரைக்கும் எத்தனை ஸ்டேஜ் போட்டாலும் கோடு திரும்ப வரும்.

வட்டமாத் தெரியிறதும் கண்மயக்குதான். கோடு எல்லாத் திசையிலயும் கிடக்கும், வெளிச்சத்தைச் சுத்திக் குறுக்கா இருக்கிறது மட்டும் மினுங்கும். செல்போன் டார்ச்சை நகர்த்துங்க, வட்டமும் கூடவே நகரும்.

கீழக்கரை_பாலிஷ்:
அண்ணே, காரணம் சரி, முடிவை ஒத்துக்க முடியாது. கழுவுற முறையை மாத்தட்டும். அதுக்காக இருக்கிற கோட்டை அப்படியே விடணுமா? மூணு ஸ்டேஜ் பில்லை ஏத்துறதுக்கு, அது வேண்டாம். பெயின்ட் மொத்தமா 100 முதல் 130 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) இருந்தா கிளியர் கோட் 40 சொச்சம் இருக்கும். சாஃப்ட் ஃபோம் பேட்ல ஃபினிஷிங் பாலிஷ் ஒரு சுத்து போட்டா போறது 1 மைக்ரான் அளவுதான்.

முதல்ல பானெட்ல ரெண்டு அடிக்கு ரெண்டு அடி டேப் ஒட்டிச் சோதிக்கணும். 5 இன்ச் பேட், பட்டாணி அளவுல நாலு சொட்டு. பாலிஷ் மெஷினை ஆன் பண்ணாம ஒத்தி ஒத்திப் பரப்பிட்டு, ஸ்பீடு 4ல குறுக்கும் நெடுக்குமா நாலு பாஸ். நொடிக்கு ஒரு இன்ச்சுக்கு மேல நகர்த்தாதீங்க, அவசரப்பட்டா மேலாக மினுக்கிட்டுப் போயிடும். துடைச்ச பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு கலந்து அடிச்சு மறுபடி துடைங்க. பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் கோட்டை அடைச்சு மறைச்சிருந்தா அப்பத்தான் குட்டு வெளிப்படும். பாதிக்கு மேல கோடு போயிருந்தா அதோட நிறுத்துங்க. போகலைன்னா கொஞ்சம் கெட்டியான பேட், அதுலயும் போகலைன்னாத்தான் காம்பவுண்ட்.

முதுகுளத்தூர்_டீசல்:
இதுக்கு எதுக்கு இவ்வளவு? டூத்பேஸ்ட் தடவி பனியன் வேஸ்ட்ல தேய்ச்சா போயிடும்.

கீழக்கரை_பாலிஷ்:
கோடு போகும், அந்த இடம் மங்கிப்போகும். பனியன் வேஸ்ட்ல இருக்கிற தையலும் எலாஸ்டிக்கும் புதுக் கோடு போட்டுத் தரும்.

பாம்பன்_கச்சான்:
தம்பி, 1 மைக்ரான்ங்கிறது உங்க கையில. கடையில பையன் எடுக்கிறது ஒரே அச்சுல வேகமாச் சுத்துற ரோட்டரி மெஷின், கம்பளி பேட். ஒரே இடத்துல நின்னா சூடேறிக் கிளியர் கோட் வெந்துடும். பானெட் ஓரம், டோர் மடிப்புல எல்லாம் பெயின்ட் மெலிசு, அங்க டேப் ஒட்டுறவங்க எத்தனை பேர்? நிழல்ல கண்ணாடி மாதிரி காட்டி அனுப்புவாங்க. வெயிலுக்கு வந்ததும் மெஷின் விட்ட தடம் ஹோலோகிராம் மாதிரி பட்டை பட்டையா ஆடும்.

தடிமன் பார்க்கிற கேஜ் வச்சிருக்கீங்களான்னு கேளுங்க. அதுவும் மொத்தக் கணக்குதான் சொல்லும், கிளியர் கோட்டைத் தனியாப் பிரிச்சுக் காட்டாது. சாதாரண கேஜ் பிளாஸ்டிக் பம்பர்ல எதுவும் சொல்லாது. ஒரு டோர்ல மட்டும் 200, 250ன்னு காட்டினா அங்க ஏற்கெனவே பெயின்ட் வேலை நடந்திருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு, வைகாசி கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் கச்சான்ங்கிற தென்மேற்குக் காத்து வீசும்போது திறந்த ஷெட்டுல மெஷின் ஓட்டவே கூடாது. பேட்ல ஒரு மணல் ஒட்டினா பானெட் முழுக்க அதே வேலையாத் திரியும்.

செராமிக் விக்கிறவங்க சொல்ற 9Hங்கிறது பென்சிலால கீறிப் பார்க்கிற சோதனைக் கணக்கு, மோஸ் 9 இல்ல. அந்தப் படலம் ஒண்ணு ரெண்டு மைக்ரான் வந்தாலே அதிகம். அழுக்கு சுலபமாக் கழண்டு வரும், அதுக்காகப் போடலாம். மணலை நிறுத்தாது.

தொண்டி_ஈசிஆர்:
ரெண்டு பேரும் உப்பை மறந்துட்டீங்க. கடலோரத்துல வண்டியத் தினம் கழுவணும், இல்லைன்னா அடியில துரு.

பாம்பன்_கச்சான்:
துரு வராம இருக்கத் தண்ணி அடிச்சா போதும், கைபடத் தேய்க்க வேண்டியதில்ல. உப்பு மோஸ் 2.5 தான், தண்ணியில கரைஞ்சு ஓடிடும், கீறுறது அதோட வர்ற மணல். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் போயிட்டு வந்தா அடிப்பாகத்துக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நல்லாத் தண்ணி அடிங்க, மேல கை வைக்காதீங்க. தினம் தேய்ச்சுக் கழுவுறவங்க வண்டியிலதான் கோடு அதிகம்.

கை வச்சுக் கழுவுறதா இருந்தா: நிழல்ல நிறுத்தி, பானெட் சூடு ஆறின பிறகு, மேலிருந்து கீழா வெறும் தண்ணி. ஷாம்பு நுரை அடிச்சு அஞ்சு நிமிஷம், காய விடாம மறுபடி தண்ணி. இதுலயே மணல்ல பெரும்பகுதி போயிடணும். அப்புறம்தான் மைக்ரோஃபைபர் கையுறை. ஒரு வாளியில ஷாம்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி, ரெண்டு வாளிக்கும் உள்ள அடியில ஜல்லடை. ஒரு பேனல் முடிஞ்சதும் வெறும் தண்ணி வாளியில அலசிட்டுத்தான் ஷாம்புல முக்கணும். டோர் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசி, அதுக்கு வேற கையுறை. தரையில விழுந்ததை எடுத்து அப்படியே மறுபடி வண்டியில வைக்காதீங்க. வாட்டர் சர்வீஸ்ல டிராக்டருக்கும் நம்ம காருக்கும் ஒரே ஸ்பாஞ்சுதான், அங்க தண்ணி மட்டும் அடிச்சுக்கிட்டு வந்துடுங்க.

தொண்டி_ஈசிஆர்:
சரி, எங்க போர் தண்ணி உப்பு. காஞ்சதும் வெள்ளைப் புள்ளி விழுது. அதைத் தேய்ச்சாத்தானே போகுது?

கீழக்கரை_பாலிஷ்:
காயறதுக்கு முன்னாடியே பிடிக்கணும் பாய். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணி. மருந்தடிக்கிற 5 லிட்டர் கை ஸ்பிரேயர் ஒரு ஹேட்ச்பேக்குக்குப் போதும், 20 லிட்டர் கேன் ஒண்ணு நாலு கழுவலுக்கு வரும். காவிரித் தண்ணியைக் காருக்கு ஊத்தினா தெருவே சண்டைக்கு வரும், அது வேண்டாம். துவைக்கும்போது மைக்ரோஃபைபர்ல சாஃப்ட்னர் சேர்க்காதீங்க, தண்ணி உறிஞ்சாது. ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி, ஒரு நிமிஷம் ஊற வச்சு அலசுங்க. அதுக்கும் அசையலைன்னா கிளியர் கோட்டை அரிச்சிருக்கு, பாலிஷ்தான்.

முதுகுளத்தூர்_டீசல்:
எங்க ஊர்ப் பக்கம் பிரச்சினையே வேற. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், எதிர்ல பஸ் வந்தா ஒதுங்கித்தான் ஆகணும். டோர் நீளத்துக்கு முள் கீறல்.

கீழக்கரை_பாலிஷ்:
நகத்தைக் குறுக்கா ஓட்டிப் பாருங்க. நகம் தடுக்கலைன்னா பாலிஷ்ல போகலாம். தடுக்கினா முழுசாப் போக்க நினைக்காதீங்க, ஓரத்தை மட்டும் மழுக்கினாலே தூரத்துல தெரியாது. அடியில வெள்ளையாவோ சாம்பலாவோ தெரிஞ்சா டச்சப் பெயின்ட்தான், மெஷினுக்கு வேலை இல்ல.

மண்டபம்_மேற்கு:
அப்ப கவர் போட்டு மூடிட்டா?

பாம்பன்_கச்சான்:
திறந்தவெளியில கவர்தான் முதல் எதிரி. காத்துல படபடன்னு அடிக்கும், உள்ள போன மணல் நாள் முழுக்க உரசும். கண்ணாடிப் பக்கமும் கூரை ஓரமும் மங்கிப்போற வண்டிகளைப் பாருங்க, எல்லாம் கவர் போட்டதுதான்.

கீழக்கரை_பாலிஷ்:
வெயில்ல விட்டா கிளியர் கோட் உரியும், அதுக்கு என்ன வழி சொல்றீங்க? மூணு பக்கம் சுவர் இருக்கிற இடத்துல, கழுவிக் காஞ்ச வண்டிக்குத் தாராளமாப் போடலாம். வயித்துப் பக்கம் ரெண்டு கயிறு இறுக்கிக் கட்டணும். கழட்டும்போது இழுக்காம, ரெண்டு ஓரத்தையும் மேல மடிச்சுச் சுருட்டிக்கிட்டே போங்க. வெளிப்பக்க மணல் உள்பக்கத்துல ஒட்டக் கூடாது.

பாம்பன்_கச்சான்:
மூணு பக்கம் சுவர் உள்ளவர் எதுக்குத் தம்பி இங்க வந்து கேக்கப் போறார்? அவர் வண்டி நிக்கிறது திறந்தவெளியில. கவருக்குக் குடுக்கிற காசுல மேல ஒரு தகரக் கொட்டகை, கச்சான் வர்ற பக்கம் ஒரு தட்டி. நான் சொல்றது அதுதான்.